குளிசை உறையும் சிங்களக் கொப்பியும்: சுகமாகி வரும் நாள்களில் பழக்கமும் படிப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற வருடம் எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஒப்பரேஷன் நடந்தது. கட்டி, அதனால் இரத்தப்போக்கு, அதனால் இரத்தச்சோகை என்று இரண்டு வருடம் இழுபட்டு, கடைசியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பிறகு பல வாரம் வீட்டில் இருந்தேன். பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த சிங்களத்தை அந்த நாள்களில்தான் ஒழுங்காகத் தொடங்கினேன். இது எப்படியோ மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் ஆரையம்பதி முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளினிக் வாங்கில், கந்தோரில், காத்தான்குடிக் கடைத்தெருவில், போனில் என்று எல்லா இடத்திலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் டொக்டர் சொன்னதும் நான் சொல்வதும் மோதினால் டொக்டர் சொன்னதையே கேளுங்கள்.

ஒப்பரேஷன் முடிஞ்சு எத்தனை நாளில படிக்கத் தொடங்கலாம்?

முதல் வாரம் வேண்டாம். மயக்க மருந்தின் களைப்பு ஒரு பக்கம், நோவுக் குளிசையின் தூக்கம் இன்னொரு பக்கம். நான் மூன்றாம் நாள் வீராப்பாகக் கொப்பியை எடுத்து ஒரே வரியை ஐந்து தரம் வாசித்தேன். ஆறாம் தரம் வாசிக்கும்போதும் அது புது வரியாகவே இருந்தது. அந்த வாரத்தில் காதால் கேட்பது மட்டும் போதும்.

கேட்கிறதுக்கு எனக்கு ஒரு வசதி இருந்தது. வார்டில் ஒரு சிங்களத் தாதி. கட்டிலை விட்டு முதல்முதல் எழுப்பி நடக்கவைத்தபோது “ஹெமின் ஹெமின், அக்கே” என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். வீட்டுக்கு அனுப்பும்போது “பர உஸ்ஸன்ன எப்பா” என்று மூன்று தரம் சொன்னார். பாரம் தூக்க வேண்டாம். ‘பர’ என்பதில் நம்முடைய பாரம் தெரிகிறதா? என் முதல் பாடம் அதுதான். புத்தகத்தில் வந்திருந்தால் மறந்திருப்பேன். தையல் இழுக்கிற நேரத்தில் கேட்டதால் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிச்சீங்க?

பத்து நிமிடம், மூன்று தரம். அதற்கு மேல் இல்லை. முதலில் ‘நாளைக்கு ஒரு மணித்தியாலம்’ என்று திட்டம் போட்டேன். நாலு நாளில் அது படுத்துவிட்டது. சுகமில்லாத உடம்புக்கு மணிக்கூடு ஒத்துவராது. காலையில் பத்து மணிக்கு நல்லாக இருக்கும், பதினொன்றுக்கு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் குளிசை மட்டும் தவறவில்லை. மகள் தண்ணீரோடு வந்து நின்றுவிடுவாள். அதனால் படிப்பைக் குளிசையோடு கட்டினேன். குளிசை, தண்ணீர், பத்து நிமிடம் சிங்களம், அப்புறம் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை. இந்த வரிசையில் ஒன்று நடந்தால் மற்றது தானாகப் பின்னால் வரும். உங்களிடம் ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியம் என்ன என்று பாருங்கள். இன்சுலின் ஊசியாக இருக்கலாம், ஐந்து நேரத் தொழுகையாக இருக்கலாம், விளக்கு வைக்கிறதாக இருக்கலாம். புதுப் பழக்கத்தை அதன் வாலில் முடிந்துவிடுங்கள்.

குளிசை உறையில படிச்சீங்களாமே, அது என்ன கதை?

ஆசுபத்திரியில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத்தருவார்கள் அல்லவா? எனக்குத் தந்தவற்றில் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தது. உதே, தவல், ராத்ரி: காலை, பகல், இரவு. கேமட்ட பெர: சாப்பாட்டுக்கு முன். கேமட்ட பசு: சாப்பாட்டுக்குப் பின். பக்கத்திலேயே தமிழ் இருப்பதால் அகராதி தேவையில்லை. ஒரே உறையை ஒரு நாளில் மூன்று தரம் கையில் எடுத்தால் எழுத்துகள் முகம் தெரிந்தவர்கள் மாதிரி ஆகிவிடும்.

வெறுமையான உறைகளை எறியவில்லை. பின்பக்கத்தில் ஒரு சிங்களச் சொல், உள்ளே ஒரு துண்டில் தமிழ். இன்றைக்கு எழுதிய உறையை நாளைக்குப் பார்ப்பேன், பிறகு மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு. சொல் நினைவு வந்தால் அது பின்னால் போகும், வராவிட்டால் திரும்ப முன்னுக்கு வரும். மாரி பிஸ்கட் டின் ஒன்றில் மூன்று தட்டு வைத்துப் பிரித்திருந்தேன். கடையில் விற்கிற அட்டைகளைவிட இது நல்லது என்று சொல்லமாட்டேன். கட்டிலை விட்டு எழும்பாமல் கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. குளிசை உள்ளே இருக்கிற உறையில் எதையும் எழுதாதீர்கள். மருந்தின் பெயரும் அளவும் மறைந்தால் வினை.

நடக்கச் சொல்றாங்க. இந்த வெயிலுக்குள்ள எங்க, எப்ப நடக்கிறது?

நடை கட்டாயம். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டிபட இடமுண்டு, மலமும் இறுகும். அதனால்தான் ஒப்பரேஷன் முடிந்த கையோடு எழுப்பி நடத்துகிறார்கள். முதல் இரண்டு வாரம் நான் வீட்டை விட்டுப் போகவில்லை. விறாந்தையில் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு எண்: எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய, ஹத்த, அட்ட, நமய, தஹய. பத்து வந்ததும் இருந்துவிடுவேன். சிங்கள எண்கள் எனக்குக் காலால் வந்தவை.

மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் காலை ஏழு மணிக்குப் பிறகு வெளியே போகவேண்டாம். மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று நல்ல உடம்பையே உலர்த்திவிடும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு என் அண்ணன் விடியற்காலையில் ஓட்டோவில் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போவார். 2013 இல் புதுப் பாலம் திறந்த பிறகும் பழைய இரும்புப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. வாவிக் காற்று இருக்கும், தரை மட்டமாக இருக்கும். மாரியில் திரும்பவும் விறாந்தைதான். சேற்றில் வழுக்கி விழுந்தால் இன்னொரு ஒப்பரேஷன்.

பத்தியம் காக்கணுமா? மாமி மீனும் தரமாட்டேங்கிறா.

இந்தக் கேள்வியில் நான் மாமிமாரோடு சண்டைக்குப் போகவில்லை. மிளகும் உள்ளியும் சீரகமும் அரைத்த பத்தியக் கறி நல்லாகவே இருக்கும், வயிற்றையும் கெடுக்காது. பால்சுறா வறை தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிரச்சினை, கிரந்தி, அதாவது காயத்துக்கு ஆகாது என்று சொல்லி மீன், முட்டை, தக்காளி, கத்தரி எல்லாவற்றையும் நிறுத்தும்போது வருகிறது. காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் அதற்குத்தான். உங்களுக்கு உண்மையாகவே ஒவ்வாத உணவு இருந்தால் அதை மட்டும் விடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் தேத்தண்ணி. இரும்புச்சத்துக் குளிசையைப் போட்டுவிட்டுக் கையோடு பிளேன்டீ குடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் பாதிப்பேர். தேயிலையில் இருக்கிற பொருள் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். குறைந்தது ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், இரண்டு என்றால் இன்னும் நல்லது. தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நன்றாகச் சேரும். அந்தக் குளிசைக்கு மலம் கறுப்பாகப் போகும், இறுகும். பப்பாசி, கீரை, போதிய தண்ணீர். தலைசுற்றோடு தார் மாதிரிப் போனால் குளிசைதானே என்று இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு இந்த இடைவெளி படிப்பாகவே மாறியது. பிளேன்டீக்கு ஏங்கிக்கொண்டிருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆசையை மறக்க ஏதாவது செய்யவேண்டியிருந்தது.

பார்க்க வாற ஆக்கள் நாலு மணிக்கு வந்தா ஏழு மணிக்குத்தான் போறாங்க. எங்க படிக்கிறது, எங்க படுக்கிறது?

ஐயோ, இதைக் கேட்காதவர்கள் இல்லை. தோடம்பழப் பையும் ஹோர்லிக்ஸ் போத்தலுமாக வருவார்கள். கதை உங்கள் ஒப்பரேஷனில் தொடங்கி, அவர்களுடைய ஒப்பரேஷனுக்குப் போய், கடைசியில் யாரோ ஒருவர் செத்துப்போன கதையில் முடியும். அன்பாக வருகிறவர்களைப் போ என்று சொல்லமுடியாது. வராமல் விட்டால் அதற்கும் நாம்தான் கவலைப்படுவோம்.

இரண்டு வழி எனக்குச் சரிவந்தது. ஒன்று, வீட்டில் வேறொருவர் சொல்லவேண்டும். நோயாளி சொன்னால் திமிர், மகள் சொன்னால் பொறுப்பு. “அம்மாக்கு ஐஞ்சு மணிக்குக் குளிசை, பிறகு படுக்கணும்” என்று அவள் சொன்னால் ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு, வருகிறவர்களையே வாத்தியார் ஆக்குங்கள். பெரியப்பாவின் மகன் அம்பாறையில் பல வருடம் வேலை செய்தவர். அவர் வந்தால் என் வியாதியை விசாரிக்க விடமாட்டேன், உறை டின்னைத் திறந்துவிடுவேன். பெத்தா (பாட்டி) ஒருவருக்குக் கல்லோயாப் பக்கம் நெல் வெட்டப் போன காலத்துச் சிங்களம் கொஞ்சம் இருந்தது. இலக்கணம் இல்லை, ஆனால் உச்சரிப்பு அப்படியே மணி மாதிரி.

சிங்களம் கஷ்டமா?

பேச்சுச் சிங்களம் தமிழருக்கு இங்கிலீசைவிட எளிது. வசனத்தில் சொற்கள் நிற்கிற ஒழுங்கு அநேகமாக ஒன்று. வினை கடைசியில் வரும். ‘எனக்கு நோகுது’ என்பதற்கு ‘மட்ட ரிதெனவா’. மட்ட என்றால் எனக்கு, ரிதெனவா என்றால் நோகுது. ‘எனக்கு வேணும்’ என்பதற்கு ‘மட்ட ஓன’. நாம் நினைக்கிற ஒழுங்கிலேயே சொல்லை மாற்றி வைத்தால் போதும். இன்னொரு சந்தோசம்: பேச்சில் வினை ஆளுக்கு ஆள் மாறாது. நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் ‘யனவா’. தமிழ் படிக்கிற சிங்களவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. போறேன், போறாய், போறார், போறாள், போகுது என்று எத்தனை!

சறுக்குகிற இடங்களும் உண்டு. நமக்கு மேசையும் ‘இருக்கு’, டொக்டரும் ‘இருக்கிறார்’, அடிச்சொல் ஒன்றுதான். சிங்களத்தில் உயிரில்லாததற்குத் ‘தியெனவா’, உயிருள்ளதற்கு ‘இன்னவா’. நான் கிளினிக்கில் “டொக்டர் தியெனவாத?” என்று கேட்டுவிட்டேன். வாசலில் நின்ற ஐயா சிரித்துக்கொண்டு, “மேசே தியெனவா அக்கே, டொக்டர் இன்னவா” என்றார். அன்றைக்குப் பிடித்த வெட்கம் பாடத்தை ஆணியடித்துவிட்டது. உறவுச் சொல்லும் கவனம். தமிழ்நாட்டுப் படங்களில் தாத்தா என்றால் பாட்டன், எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா, சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. மல்லி என்றால் அங்கே தம்பி, நமக்குக் கொத்தமல்லி.

போர்த்துக்கேயர் இரண்டு மொழிக்கும் ஒரே சாமான்களை விட்டுப்போயிருக்கிறார்கள். மேசை, அலுமாரி, ஜன்னல், சப்பாத்து, பாண், குசினி: சிங்களத்திலும் இவை கொஞ்சம் வால் மாறி வரும். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அந்தப் பழைய போர்த்துக்கேயத்தின் கிரியோல், அதாவது கலப்பு மொழி, இன்னும் கொஞ்சம் உயிரோடு இருப்பதால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. கட்டிலில் படுத்தபடி அறையில் இருக்கிற சாமான்களைச் சுற்றிப் பார்த்தாலே பத்துச் சொல் வந்துவிடும்.

சிங்கள எழுத்து படிக்கணுமா? தமிழ் எழுத்தில எழுதிப் பழகினா போதாதா?

நானும் இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் அது ஏமாற்றும். ‘கல’ என்று எழுதினால், கல் என்ற அர்த்தத்தில் வருகிற சொல்லின் முதல் எழுத்துக்குக் ‘கங்கை’யின் இரண்டாவது ககர ஒலி வேண்டும் என்று எப்படித் தெரியும்? வயிறு என்பதற்கான ‘பட’விலும் இதே கதை, அது ‘அம்பு’வில் வருகிற பகரம். ‘முடியாது’ என்பதற்குப் ‘பே’ என்று எழுதுகிறோம், உண்மையான உயிரொலி ‘பேங்க்’ என்று சொல்லும்போது வருகிற ஒலிக்குக் கிட்ட. நமக்கு அதற்கு எழுத்தே இல்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் காதும் தமிழ் எழுத்தும் போதும். பிறகு நாளைக்கு இரண்டு எழுத்து. எழுத்துகள் வட்ட வட்டமாக இருப்பதால் கை நடுக்கம் இருக்கிறவர்களுக்கு நல்ல பயிற்சி என்று பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரீச்சர் சொன்னார். அது உண்மையோ தெரியாது, எனக்குப் பொழுது போனது. போன் ஆப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பிரபலமான டுவோலிங்கோவில் நான் தேடியபோது சிங்களம் இருக்கவில்லை. வானொலியின் சிங்களச் செய்தி வேகமானது, ஆனால் எழுத்துச் சிங்களம் கேட்க நல்லது. பேச்சில் ‘மம யனவா’, எழுத்தில் ‘மம யமி’. நாம் ‘போறன்’ என்று பேசி ‘போகிறேன்’ என்று எழுதுகிற அதே இடைவெளி.

ரெண்டு நாள் விட்டுப்போச்சு. இனி முதல்ல இருந்தா?

இல்லை. மூன்றாம் நாள் குளிசையோடு திரும்ப வாருங்கள். விட்ட நாளுக்கு வட்டி கட்டுகிற மாதிரி இரட்டிப்பாகப் படிக்கவேண்டாம்.

கூடாத நாளுக்கென்று ஒரு அளவு முன்பே வைத்திருந்தேன். நல்ல நாள் என்றால் மூன்று பத்து நிமிடம். நடுத்தரம் என்றால் ஒன்று. எழும்பமுடியாத நாள் என்றால் ஒரு உறை, ஒரு சொல், கட்டிலைச் சுற்றி ஒரு நடை. அந்த ஒற்றைச் சொல் நாள்களையும் கொப்பியில் புள்ளி போட்டு வைத்தேன். கொப்பியின் முன்பக்கம் குளிசை, நடை, காய்ச்சல் அளவு, பின்பக்கம் சிங்களம். கிளினிக்கில் டொக்டர் கேட்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து ஒழுங்காகப் பதில் சொல்லமுடிந்தது. அந்தக் கொப்பியால் வந்த பெரிய இலாபம் சிங்களம் இல்லை, அதுதான்.

நோன்பு வருது. குளிசையும் படிப்பும் நடையும் எப்படி மாத்துறது?

இதைக் கேட்டது என்னோடு வேலை செய்கிற காத்தான்குடித் தங்கச்சி. முதலில், நோன்பு பிடிக்கலாமா என்று டொக்டரிடமும் மார்க்கம் தெரிந்தவரிடமும் கேளுங்கள். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது, பிறகு பிடித்துக்கொள்ளலாம். மூன்று வேளைக் குளிசையை நீங்களாக இரண்டு வேளைக்குச் சுருக்கக்கூடாது. எதை மாற்றலாம், எதை மாற்றமுடியாது என்று டொக்டர்தான் சொல்லவேண்டும்.

அவருக்கு டொக்டர் அனுமதித்த பிறகு, இரண்டாவது கேள்விக்குச் சொன்ன அதே முடிச்சைத்தான் இடம் மாற்றினார். சஹர் என்கிற விடியலுக்கு முந்திய சாப்பாடு முடிந்து, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம், நோன்பு திறந்து கஞ்சி குடித்துக் கொஞ்சம் ஆறியபின் நடை. பகலில் படிப்பை விட்டுவிட்டார். அவர் சொன்னபடி சஹர் நேரத்துச் சொற்கள்தான் நன்றாக நின்றனவாம்.

மகனுக்கு மோட்டார் சைக்கிள் விழுந்து கால் உடைஞ்சு பிளாஸ்டர். கொரியன் பரீட்சைக்குப் படிக்கிறான். இதெல்லாம் அவனுக்கும் சரிவருமா?

பெரும்பாலும் சரிவரும். கொரியனிலும் வினை கடைசியில்தான், அந்த வகையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். வேலைவாய்ப்புக்கான அந்தப் பரீட்சையில் வாசிப்பும் கேட்டலும் இருக்கிறது. காலை உயர்த்திவைத்துப் படுத்திருக்கிற நேரத்தில் கேட்டல் பகுதியை முடிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கொப்பி தேவையில்லை. பொடியன்களுக்கு வருகிற ஆபத்து வேறு: படிக்கிறேன் என்று போனை எடுத்து விடியும்வரை விளையாட்டு. இரவு போன் அவன் அறைக்குள் இருக்கக்கூடாது. எலும்பு ஒட்டுவதற்கும் சொல் ஒட்டுவதற்கும் நித்திரை வேண்டும்.

பிளாஸ்டர் போட்ட காலின் விரல்கள் நீலம்பாரித்தால், மரத்தால், நோவு கூடிக்கொண்டே போனால் காத்திருக்கவேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நோவது, திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சு நோவது என்றால் உடனே 1990 க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பரீட்சை அடுத்த மாசம். நாலு மணித்தியாலம் ஒரேயடியா இருந்து படிச்சா என்ன?

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் செய்தேன். 2007 யூலை 1 இற்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 07/2007 சுற்றறிக்கை வந்தது. பிறகும் சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன, உங்களுக்குப் பொருந்துவது எது என்று உங்கள் கந்தோரில் கேளுங்கள். எனக்கு அந்தப் பாரம் மண்டையில் இருந்தது. நாலாம் வாரம், உடம்பு நல்லாகத்தானே இருக்கிறது என்று பிளாஸ்டிக் கதிரையில் இரண்டரை மணித்தியாலம் குனிந்திருந்து பழைய வினாத்தாள் செய்தேன். அன்றைக்கே கிணற்றில் ஒரு வாளி தண்ணியும் இழுத்தேன். வாளியை இங்கே சேர்க்க மனமில்லைதான், ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். ‘பர உஸ்ஸன்ன எப்பா’ வாயில் இருந்தது, கையில் இருக்கவில்லை.

இரவு தையல் பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தது. திரும்ப வார்டு, ஐந்து நாள் மருந்து, படிப்பு இரண்டு வாரம் பின்னுக்கு. இரண்டரை மணித்தியாலத்தில் மிச்சம்பிடித்ததைப் போல பல மடங்கு போய்விட்டது. அதனால் வாளி, குடம், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எல்லாம் டொக்டர் சரி என்று சொல்லும்வரை தூரம். வயிற்று ஒப்பரேஷன் என்றால் அது ஆறு வாரம் வரை போகும். தேங்காய் துருவக் குந்துவதும் அப்படித்தான். படிக்க என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்பி நடக்கவேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், கூடுகிற நோவு என்றால் கொப்பியை மூடிவிட்டு ஆசுபத்திரி. பரீட்சை அடுத்த தரமும் வரும்.

ஒன்றும் செய்ய மனசில்லை. சும்மா அழுகை அழுகையா வருது. இது சோம்பலா?

சோம்பல் இல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு மனம் தாழ்வது பலருக்கும் நடக்கிறது. சூலகத்தையும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கிற காலத்து மாற்றங்கள் ஒரேயடியாக வரும்: உடம்பு சூடேறும், வியர்க்கும், நித்திரை குழம்பும். அதையும் டொக்டரிடம் சொல்லலாம், வெட்கப்படத் தேவையில்லை. எனக்கும் ஒன்பதாம் நாள் தொடங்கி ஒரு கிழமை அப்படி இருந்தது. அந்தக் கிழமை உறை டின் திறக்கப்படவே இல்லை. மாமி பக்கத்தில் இருந்து காலைப் பிடித்துவிட்டார், அதுதான் நடந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், நித்திரையும் சாப்பாடும் போனால், இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் அடிக்கலாம். இந்த நிலையில் மொழிப் பழக்கம் ஒரு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் ஆள் எழும்பவேண்டும்.

எல்லாரும் தமிழ் கதைக்கிற ஊரில இருந்துகொண்டு சிங்களம் எதுக்கு? அவங்கள் தமிழ் படிக்கட்டுமே.

இதைக் கேட்டவர் என் சொந்தச் சித்தப்பா, அதனால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 சட்டத்தால் என்னென்ன நடந்தது என்று அவர் வாழ்ந்து பார்த்தவர். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆசுபத்திரியிலும் பொலிசிலும் கந்தோரிலும் தமிழில் சேவை கேட்பது நம் உரிமை. நான் சிங்களம் படித்ததால் அந்த உரிமையில் ஒரு சதம் குறையவில்லை. தமிழில் வரவேண்டிய கடிதம் தனிச் சிங்களத்தில் வந்தால் இப்போதும் திருப்பிக் கேட்கிறேன். முன்பைவிட நன்றாகக் கேட்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

மற்றது, நடுச்சாமத்தில் வயிறு நோகும்போது அரசியலமைப்பு பக்கத்தில் நிற்காது. நின்றது ‘பட ரிதெனவா’ என்ற இரண்டு சொல். அந்தத் தாதியும் என்னிடம் ‘நோவு’, ‘தண்ணி’, ‘மெல்ல’ என்ற மூன்று சொல்லை எழுதி வாங்கிக்கொண்டார் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி கேட்டார்.

கந்தோருக்குத் திரும்பினதும் எல்லாம் நின்றுபோச்சு. உங்களுக்கு எப்படி?

எனக்கும் நின்றது. காரணம் சுலபம்: குளிசை முடிந்துவிட்டது. முடிச்சுப் போட்ட கயிறே போனால் பழக்கம் எதில் தொங்கும்? ஒரு மாதம் உறை டின் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது.

பிறகு வேறு கயிறு தேடினேன். காலையில் ஆரையம்பதியில் ஏறி களுவாஞ்சிகுடியில் இறங்குகிற பஸ். இருக்க இடம் கிடைத்தால் மூன்று உறை, நின்றால் கடைப் பலகைகளையும் வீதிப் பலகைகளையும் மூன்று மொழியிலும் வாசிப்பது. இறங்குகிற இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி மிச்சத்தை நடப்பது. வெள்ளிக்கிழமை, அதாவது சிக்குராதா, கந்தோரில் இருக்கிற சிங்கள நங்கியோடு (நங்கி என்றால் தங்கச்சி) மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் தமிழ், எனக்குச் சிங்களம். அவருக்கு ‘ழ’ இன்னும் வரவில்லை. எனக்கு அந்தப் ‘பே’ இன்னும் வரவில்லை.